துப்பாக்கி வாங்கினால் என் பெயர் அரசாங்கப் பட்டியலில் ஏறுமா?

டெக்சாஸில் இருக்கிறீர்கள், சமீபத்தில்தான் குடியுரிமை கிடைத்தது, வீட்டுக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். வாங்கினால் பெயர் ஏதாவது பட்டியலில் ஏறிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "ஒரு கட்சி பட்டியலே கிடையாது என்கிறது, இன்னொரு கட்சி நாளைக்கே வீடு வீடாக வந்து பறிப்பார்கள் என்கிறது, இரண்டையும் நம்ப முடியவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். துப்பாக்கியைவிட, உங்களைப் பற்றி யாரிடம் என்ன தகவல் இருக்கிறது, நாளைக்கு அதை வைத்து என்ன செய்வார்கள் என்ற கவலைதான் உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் எந்தப் பக்கம் பார்த்துக் கவலைப்பட வேண்டும் என்பதில் நான் உங்களிடமிருந்து கொஞ்சம் வேறுபடுகிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. உரிமம் பெற்ற துப்பாக்கி டீலர்களின் பதிவேடுகளைத் தணிக்கை செய்து, ஆய்வாளர்கள் வரும் முன்பே பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் 14 வருடங்கள் என் வேலை. ஆயிரக்கணக்கான படிவங்களை வரி வரியாகப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் காகிதம் எங்கே உருவாகி எங்கே போய்ச் சேருகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். குறிப்பிட்ட ஒரு வழக்கில் நீதிமன்றம் என்ன சொல்லும் என்பதற்கெல்லாம் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கடையில் நடப்பதைச் சொல்கிறேன். படிவம் 4473 என்று ஒன்று தருவார்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த இடம், குடியுரிமை எல்லாம் அதில் எழுத வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயமில்லை. நம்மவர்கள் தடுமாறுவது பெயர் எழுதும் இடத்தில்தான். அடையாள அட்டையில் வெறும் இனிஷியல்தான் இருக்கிறது என்றால், அந்த எழுத்துக்குப் பக்கத்தில் "ஐஓ" என்று எழுத வேண்டும், அதாவது இனிஷியல் மட்டுமே. நடுப்பெயரே இல்லாவிட்டால் "என்எம்என்". இதை எழுதாமல் விட்டதற்காகவே பிழைப் பட்டியலில் ஏறிய படிவங்கள் ஏராளம். அப்புறம் "தடை செய்யப்பட்டவரா" என்று கண்டறியும் கேள்விகள் வரும்: கடுங்குற்றத் தண்டனை, குடும்ப வன்முறைத் தண்டனை, போதைப்பொருள் பழக்கம், இப்படி. மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வமாக இருந்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது குற்றம்தான் என்று படிவமே எச்சரிக்கும். பொய் எழுதுவது கூட்டாட்சிக் குற்றம். இந்தப் படிவத்தில் போதைப் பழக்கத்தை மறைத்ததற்காகத்தான் அப்போதைய அதிபரின் மகன் ஹண்டர் பைடன் 2024 ஜூனில் குற்றவாளி எனத் தீர்ப்பு பெற்றார். அந்த டிசம்பரில் தந்தையே அவருக்கு மன்னிப்பு வழங்கினார். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: கிரீன் கார்டு இருப்பவர்கள் வாங்கலாம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியை வைத்திருக்கவே கூடாது. நண்பனிடமிருந்து வாங்கினாலும் அதே தடைதான்.

படிவம் நிரம்பியதும் டீலர் எஃப்பிஐ நடத்தும் நிக்ஸ் என்ற சோதனை அமைப்பிடம் கேட்பார். 1993-ல் வந்த பிரேடி சட்டத்தின்படி 1998 நவம்பரில் இது இயங்கத் தொடங்கியது. "தொடரலாம்", "தாமதம்", "மறுப்பு" என்ற மூன்றில் ஒரு பதில் வரும். நீங்கள் வாங்குவது கைத்துப்பாக்கியா, நீளத் துப்பாக்கியா என்ற வகை மட்டும்தான் எஃப்பிஐக்குப் போகும். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, வரிசை எண் என்ன என்பது போகாது. "தொடரலாம்" என்று வந்துவிட்டால், உங்களை அடையாளம் காட்டும் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் எஃப்பிஐ அழித்துவிட வேண்டும் என்பது 2004 முதல் சட்டம். அதற்கு முன் 90 நாள் வரை வைத்திருந்தார்கள். நிரப்பிய 4473 படிவம் கடையிலேயே தங்கிவிடும். கடைக்காரரின் வரவு செலவுப் பதிவேட்டில், நாங்கள் பவுண்ட் புக் என்போம், உங்கள் பெயரும் வரிசை எண்ணும் ஒரு வரியாக ஏறும்.

அப்படியானால் பட்டியல் உண்டா இல்லையா? 1986-ல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், டீலர்களின் பதிவுகளை வைத்துத் துப்பாக்கிகளுக்கோ உரிமையாளர்களுக்கோ ஒரு தேசியப் பதிவு முறையை உருவாக்கக் கூடாது என்று விதிமுறைகளுக்கு நேரடியாகத் தடை போடுகிறது. இயந்திரத் துப்பாக்கி, சத்தக்குறைப்பான், குட்டைக்குழல் துப்பாக்கி போன்றவற்றுக்கு மட்டும் 1934 சட்டத்தின் கீழ் கூட்டாட்சிப் பதிவு உண்டு. நீங்கள் வாங்க நினைக்கும் சாதாரணக் கைத்துப்பாக்கி அதில் வராது. டெக்சாஸ் மாநிலத்திலும் பதிவு கிடையாது. ஹவாய்க்குப் போனால் கதை வேறு, அங்கே பதிவு கட்டாயம். ஆக, உங்கள் பெயரைத் தட்டினால் உங்களிடம் இருக்கும் துப்பாக்கிகள் திரையில் வரும் என்ற மாதிரி ஒன்று கூட்டாட்சி அரசிடம் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

ஆனால் காகிதம் இருக்கிறது, அது சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு கடை மூடும்போது அதன் எல்லாப் படிவங்களும் மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கும், ஏடிஎஃப் (துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பு) நடத்தும் தேசியத் தடமறியும் மையத்துக்குப் போக வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு சிறிய கடைக்காரர் வயதாகிக் கடையை மூடியபோது, பின்னறையிலிருந்த பெட்டிகளை அவரோடு உட்கார்ந்து நானும் அடுக்கினேன். ஈரம் பட்டு ஒட்டிப்போன தாள்கள், மங்கிய கார்பன் பிரதிகள், ஒவ்வொன்றிலும் ஒருவரின் வீட்டு முகவரி. அந்த மையத்தில் இப்படி வந்து சேர்ந்த பக்கங்கள் 90 கோடியைத் தாண்டிவிட்டன, பெரும்பகுதி ஸ்கேன் செய்யப்பட்டுவிட்டது. பெயரைக் கொண்டு தேட முடியாதபடி வெறும் படங்களாகவே வைத்திருக்கிறார்கள். குற்ற இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், ஊழியர்கள் தயாரிப்பாளரைக் கேட்டு, அங்கிருந்து மொத்த வியாபாரியை, அங்கிருந்து டீலரைக் கேட்டு, கடை மூடியிருந்தால் அந்தப் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி வாங்கியவரைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆண்டுக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் இப்படி வருகின்றன. முன்பெல்லாம் 20 வருடம் ஆன படிவங்களைக் கடைக்காரர் அழித்துவிடலாம். 2022-ல் வந்த விதி அதை மாற்றி, கடை இருக்கும் வரை வைத்திருக்கச் சொன்னது. சந்தேகப்படுகிறவர்கள் இந்த இடத்தில் கோபப்பட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். படமாக இருக்கும் எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றுவது இன்றைய கணினிக்குப் பெரிய வேலை இல்லை. நடுவே நிற்பது சட்டம் மட்டுமே.

சட்டம் எப்போதும் மதிக்கப்பட்டதா என்றால், இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2016-ல் ஏடிஎஃப்பின் நான்கு தரவு அமைப்புகளை ஆராய்ந்தது. அவற்றில் இரண்டு விதிப்படி நடக்கவில்லை என்று எழுதியது. ஒன்றில் தொழிலை மூடிய நிறுவனங்களின் மின்னணுப் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள், பிறகு அழித்தார்கள். இன்னொன்று, பல துப்பாக்கி விற்பனை அறிக்கைகள். உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஒரே டீலரிடம் அடுத்தடுத்த ஐந்து வேலை நாட்களுக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கைத்துப்பாக்கி வாங்கினால், உங்கள் பெயரோடும் வரிசை எண்களோடும் டீலர் ஏடிஎஃப்புக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். டெக்சாஸ், கலிஃபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு எல்லை மாநிலங்களில் சில வகை நீளத் துப்பாக்கிகளுக்கும் 2011 முதல் இதே கட்டாயம் இருக்கிறது. குற்றத்தோடு தொடர்பில்லாத பெயர்களை இரண்டு வருடத்தில் அழிக்க வேண்டும் என்பது ஏடிஎஃப் தனக்குத் தானே வைத்துக்கொண்ட கொள்கை. அதை முறையாகச் செய்யவில்லை என்றுதான் ஜிஏஓ கண்டது. ஒரு துப்பாக்கி மட்டும் வாங்கினால் இந்த அறிக்கை இல்லை.

சரி, பட்டியலை வெறுப்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உங்கள் மாநிலத்திலேயே சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 2017 நவம்பரில், கருவிலிருந்த குழந்தையையும் சேர்த்து, 26 பேர் கொல்லப்பட்டார்கள். கொலையாளி விமானப் படையில் இருந்தபோது குடும்ப வன்முறைக்காகத் தண்டனை பெற்றவன். அந்தத் தகவலை விமானப் படை எஃப்பிஐக்கு அனுப்பவே இல்லை. சோதனையில் அவன் பெயர் சுத்தமாக வந்தது. 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவனுக்கும் துப்பாக்கி கிடைத்திருக்கக் கூடாது. மூன்று வேலை நாட்களுக்குள் எஃப்பிஐ முடிவு சொல்லாவிட்டால் டீலர் விற்கலாம் என்ற விதி இருப்பதால், பதிவுகள் தேடப்பட்டுக்கொண்டிருக்கும்போதே கெடு கடந்து துப்பாக்கி அவன் கைக்குப் போனது. இரண்டு இடத்திலும் அரசாங்கம் அறிய வேண்டியதை அறியாமல் இருந்ததுதான் பிரச்சினை. அரசாங்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பயப்படுபவர் அந்தப் படிவங்களையும் தரவுகளையும் உள்ளிருந்து பார்த்தால் வேறு மாதிரி பயப்படுவார். எனக்கு அப்படித்தான் ஆனது.

உங்கள் பெயர் வெளியே போகும் வழிகளில் நான் பார்த்தவரை கூட்டாட்சிப் பதிவேடு கடைசி வரிசையில்தான் வரும். 2012 டிசம்பரில், சாண்டி ஹுக் பள்ளிக் கொலைகளுக்குப் பிறகு, நியூயார்க் மாநிலத்தின் ஒரு செய்தித்தாள் இரண்டு கவுண்ட்டிகளில் கைத்துப்பாக்கி அனுமதி வைத்திருந்தவர்களின் பெயர்களையும் முகவரிகளையும் வரைபடமாக வெளியிட்டது. திருடியது எதுவும் இல்லை. அன்றைய சட்டப்படி அவை பொதுப் பதிவுகள், கேட்டார்கள், கொடுத்தார்கள். 2022 ஜூனில் கலிஃபோர்னியா நீதித் துறை ஒரு புள்ளிவிவரப் பக்கத்தைத் தொடங்கியபோது, மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்துக்கு விண்ணப்பித்த ஏறக்குறைய 1,92,000 பேரின் சொந்த விவரங்கள் கவனக்குறைவால் வெளியே போயின. டெக்சாஸில் துப்பாக்கி எடுத்துச் செல்ல 2021 செப்டம்பர் முதல் உரிமம் தேவையில்லை. விரும்பி உரிமம் எடுத்தால் கைரேகை முதற்கொண்டு மாநிலத்திடம் கொடுக்க வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டினால் கடையில் நிக்ஸ் சோதனை தேவைப்படாது. உரிமதாரர் பட்டியல் சட்டப்படி ரகசியம். எதைக் கொடுத்து எதைப் பெறுகிறீர்கள் என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

இதையெல்லாம்விட என்னை அதிகம் உலுக்கியது இன்னொன்று. 2024-ல் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஒரு நீண்ட புலனாய்வை வெளியிட்டது. துப்பாக்கித் தொழிலின் சங்கமான நேஷனல் ஷூட்டிங் ஸ்போர்ட்ஸ் பவுண்டேஷன், பல தயாரிப்பாளர்களின் வாரண்டி அட்டைகளிலிருந்து வாடிக்கையாளர் விவரங்களைச் சேகரித்து, வாங்கியவர்களுக்குத் தெரியாமல் தேர்தல் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தியது என்பதுதான் அதன் சாரம். பதிவேடே கூடாது என்று அரசாங்கத்தோடு பல காலம் போராடிய அதே தரப்பு. நான் பார்த்த ஒரு வாடிக்கையாளர் நினைவுக்கு வருகிறார். படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டதற்கு, தனியுரிமை என்று சொல்லி எழுத மறுத்தார். அது அவர் உரிமை, மதிக்கிறேன். அதே மேசையில் உட்கார்ந்து, பெட்டிக்குள் இருந்த வாரண்டி அட்டையில் தன் வருமானம், பொழுதுபோக்கு, வீட்டில் எத்தனை பேர் என்பதையெல்லாம் நிரப்பித் தபாலில் போடக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று எனக்கு அது உறைக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு முழுக்க அவர் முகம்தான் கண்ணுக்குள் இருந்தது.

கார்டும் கைபேசியும் அடுத்தவை. 2022 செப்டம்பரில் சர்வதேசத் தர அமைப்பு, துப்பாக்கிக் கடைகளுக்கென்று கார்டு பரிவர்த்தனையில் தனிக் குறியீடு ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. அது கடையின் வகையைச் சொல்லும். நீங்கள் வாங்கியது துப்பாக்கியா கூடாரமா என்று சொல்லாது. எதிர்ப்பு வந்ததும் கார்டு நிறுவனங்கள் 2023-ல் நிறுத்திவைத்தன. கலிஃபோர்னியா அதைக் கட்டாயமாக்கியது, டெக்சாஸ் தடை செய்தது. கைபேசி விஷயத்தில் 2018-ல் வந்த கார்பெண்டர் தீர்ப்பு முக்கியம். ஒருவரின் 127 நாள் இருப்பிடப் பதிவுகளைக் கைபேசி நிறுவனத்திடமிருந்து அரசுத் தரப்பு வாரண்ட் இல்லாமல் வாங்கியிருந்தது, உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அது தவறு என்றது. அதற்கு முன் 1976, 1979 ஆண்டுகளின் தீர்ப்புகள், வங்கியிடமோ தொலைபேசி நிறுவனத்திடமோ நீங்களே கொடுத்த தகவலுக்குத் தனியுரிமை எதிர்பார்க்க முடியாது என்றன. அந்தக் கொள்கை இன்னும் முழுதாகப் போகவில்லை. 2019-ல் ஒரு துப்பாக்கித் தொலைநோக்கியின் செயலியைப் பயன்படுத்தியவர்களின் விவரங்களை ஆப்பிள், கூகுள் நிறுவனங்களிடம் அமெரிக்க அரசு கேட்ட செய்தி வெளிவந்தது. ஏற்றுமதி விதிமீறல் விசாரணைக்காக, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கானவர்களின் தகவலையும் சேர்த்துக் கேட்டார்கள். துப்பாக்கிப் பட்டியலை எதிர்ப்பவர் இதையும் எதிர்க்க வேண்டும். கைபேசி உளவை எதிர்ப்பவர், துப்பாக்கி உரிமையாளர்களின் முகவரி வரைபடத்தையும் எதிர்க்க வேண்டும். ஒரே அளவுகோலை இரண்டு பக்கமும் வைப்பவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கட்சிகளைப் பற்றிக் கேட்டீர்கள். பெயர்ப்பலகையை வைத்துக் கணிக்க முடியாது என்பதற்கு வரலாறே போதும். கலிஃபோர்னியாவில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைத் தடுத்த 1967 சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியின் ஆளுநர் ரீகன். கருப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் ஆயுதத்தோடு ரோந்து போனதுதான் அதற்குக் காரணம். 1986-ல் பதிவேட்டைத் தடை செய்த சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபரும் அதே ரீகன்தான். 1991-ல் பிரேடி மசோதாவை வெளிப்படையாக ஆதரித்தவரும் அவரே. லாஸ் வேகாஸ் கொலைகளுக்குப் பிறகு துப்பாக்கியை மிக வேகமாகச் சுட வைக்கும் பம்ப் ஸ்டாக் என்ற கருவியைத் தடை செய்தது டிரம்ப் அரசு. 2024-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 1956-ல் மார்ட்டின் லூதர் கிங் தன் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டார், அலபாமாவில் மறுத்துவிட்டார்கள். அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட அனுமதி யாருக்கு எதிராகத் திரும்பும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விண்ணப்பம்தான் ஞாபகம் வரும். அதனால்தான் உச்ச நீதிமன்றத்தின் 2022 ப்ரூயன் தீர்ப்பு விருப்ப அனுமதி முறையை நீக்கியபோது, பழைய காலச் சட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அதன் வரலாற்றுச் சோதனை குழப்பமானது என்று நினைத்தும், முடிவை வரவேற்றேன். 2024 ரஹிமி தீர்ப்பில், குடும்ப வன்முறைத் தடை உத்தரவுக்கு உட்பட்டவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று 8-க்கு 1 என உறுதிசெய்ததையும் அதே மனதோடு வரவேற்றேன்.

பதிவேடு இருந்தால் கொலைகள் குறையும் என்றோ குறையாது என்றோ யாராவது உறுதியாகச் சொன்னால் கொஞ்சம் விலகி நில்லுங்கள். மேரிலாந்து மாநிலம் 2000 முதல் விற்ற ஒவ்வொரு கைத்துப்பாக்கியின் தோட்டாக்கூட்டுத் தடத்தையும் சேகரித்தது. சுமார் 50 லட்சம் டாலர் செலவழித்து, ஒரு வழக்குக்கூடத் தீரவில்லை என்று 2015-ல் கைவிட்டது. அது ஒரு வகைப் பதிவேடுதான், எல்லாவற்றுக்கும் தீர்ப்பாகாது. ஓரளவு வலுவான ஆதாரம் இருப்பது வேறு இடத்தில்: குழந்தைகள் கையில் துப்பாக்கி சிக்காமல் பூட்டிவைக்கச் சொல்லும் சட்டங்கள். ராண்ட் ஆய்வு நிறுவனம் பல வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இளையோர் தற்கொலையையும் விபத்தையும் இவை குறைப்பதாகத் தெளிவாகச் சொன்னது. 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அவர்களில் 27,300 பேர், அதாவது பாதிக்கும் மேல், தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டுக்குள் வரும் துப்பாக்கியைப் பற்றி முடிவெடுக்கும்போது திருடனை மட்டும் நினைக்காதீர்கள், வீட்டில் இருப்பவர்களின் கெட்ட நாளையும் நினையுங்கள். யாராவது மனச்சோர்வில் இருக்கிறார்கள் என்றால், இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் பதில்.

வாங்குவது என்று முடிவு செய்தால், ஒன்று மட்டும் வாங்குங்கள். படிவத்தை உண்மையாக நிரப்புங்கள். வாரண்டி அட்டையை அனுப்பாதீர்கள். பொருளில் குறை இருந்தால் ரசீதைக் காட்டினாலே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கவனிப்பார்கள். செயலி எதையும் நிறுவ வேண்டாம், படம் எடுத்துப் போட வேண்டாம். துப்பாக்கியோடு சேர்த்து அதே நாளில் ஒரு பூட்டுப் பெட்டியும் வாங்குங்கள். கடைசியாக, வரிசை எண்ணை ஒரு தாளில் எழுதி, துப்பாக்கி இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். தேசியப் பட்டியல் இல்லை என்பதன் மறுபக்கம் இது: துப்பாக்கி திருடு போனால் உங்கள் பெயரைத் தட்டி எண்ணை எடுத்துத் தர போலீஸுக்கு வழி கிடையாது. விற்ற கடை திறந்திருந்தால் அவர்கள் தேடித் தருவார்கள். கடை மூடியிருந்தால் அந்த எண் மார்ட்டின்ஸ்பர்க்கில் கோடிக்கணக்கான படங்களில் ஒன்றில் இருக்கும், உங்களால் அதைக் கேட்டு வாங்க முடியாது.